ஒரே ஒரு காந்தாரம்: ‘கிச்சன் கேர்ள்’ என்ற ஆட்ட மெட்டு

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், நியூ ரிவர் ஆற்றங்கரையில், கிளென் லின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1966ஆம் ஆண்டு ஆலன் ஜபூர் என்ற ஆய்வு மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த ஊருக்குப் போனார். அவர் அப்போது டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். முறையாக மேற்கத்திய செவ்வியல் வயலின் கற்றவர், சிம்பொனி இசைக்குழுக்களில் வாசித்தவர். அவர் தேடிப் போனது ஹென்றி ரீட் என்ற பெரியவரை. 1884இல் பிறந்த ரீட்டுக்கு அப்போது வயது 82. இசைத்தட்டு எதுவும் வெளியிட்டவர் அல்ல. தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஃபிடில் (நாட்டுப்புற இசையில் வயலினுக்கு வழங்கும் பெயர்) வாசித்து வந்தவர். ஜபூர் அடுத்த ஆண்டும் போய்ப் பதிவு செய்தார். 1968இல் ரீட் காலமானார். அந்தக் குறுகிய இடைவெளியில் காப்பாற்றப்பட்ட மெட்டுகளில் ஒன்றுதான் ‘கிச்சன் கேர்ள்’.

இன்று அமெரிக்காவின் நாட்டுப்புற ஃபிடில் கலைஞர்கள் பலருக்கு இந்த மெட்டு தெரியும். நாட்டுப்புற நடன அரங்குகளில் இதை வாசிக்கிறார்கள். மைனர் (மேற்கத்திய இசையின் இரண்டு முக்கிய ஸ்வர வரிசைகளில் ஒன்று, மற்றது மேஜர்) சாயல் கொண்ட மெட்டு. கேட்டவுடன் மனதில் ஒரு கனம் இறங்கும். ஆனால் இது உட்கார்ந்து கேட்டுக் கண்ணீர் விட உருவானதில்லை. ஆடுவதற்காகவே உருவானது, அதுவும் நல்ல வேகத்தில்.

மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று மேற்கத்திய இசையைப் பற்றி ஒரு எளிய பாடம் எல்லோரிடமும் இருக்கிறது. நடன மெட்டுகளுக்கு அந்தப் பாடம் பொருந்துவதே இல்லை என்பது என் எண்ணம். ஆட்டத்துக்குள் வரும் மைனர் சாயல் ஆடுபவரைத் தளர்த்துவதில்லை, முறுக்கேற்றுகிறது. அது எப்படி என்று பார்க்க ‘கிச்சன் கேர்ள்’ போல் வசதியான மெட்டு வேறு கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் இதில் பாதி மேஜர் பக்கம் சாய்கிறது, மீதிப் பாதி மைனர் பக்கம். வேகம், தாளம், ஆதார சுருதி எல்லாம் அப்படியே இருக்க, ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் மாறுகிறது.

அந்த ஸ்வரம் காந்தாரம், அதாவது ச ரி க ம வரிசையின் ‘க’.

இந்த மெட்டின் சட்ஜம் (‘ச’) மேற்கத்தியக் கணக்கில் ‘ஏ’, நம் கணக்கில் 6 கட்டை. முதல் பகுதி மேல் சட்ஜத்தில் நீளமாக ஒரு பிடி பிடித்துத் தொடங்குகிறது. அடுத்து அதே அளவு நீளத்துக்குக் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த ‘நி’). அங்கிருந்து விறுவிறுவெனப் படியிறங்கி அந்தர காந்தாரத்துக்கு வருகிறது. அதாவது 28ஆவது மேளமான (மேளம் என்றால் தாய் ராகம்) ஹரிகாம்போதியின் ஸ்வர வரிசை. வெளிச்சமான வரிசைதான், ஆனால் முழு வெளிச்சம் இல்லை. காகலி நிஷாதம் இருந்திருந்தால் சங்கராபரணமாக, மேற்கத்தியர்களின் வழக்கமான மேஜராக இருந்திருக்கும். நிஷாதம் ஒரு படி கீழே இருப்பதால் முதல் பகுதியிலேயே ஒரு கரடுமுரடு, ஒரு மலைநாட்டுச் சாயல் வந்துவிடுகிறது.

இரண்டாம் பகுதியில் மெட்டு கீழே இறங்கி மத்திய சட்ஜத்தைச் சுற்றி வருகிறது. இங்கே காந்தாரம் அரை ஸ்வரம் இறங்கிச் சாதாரண காந்தாரம் ஆகிறது. வரிசை 22ஆவது மேளமான கரகரப்ரியாவை ஒட்டியதாக மாறுகிறது. மேற்கத்தியர்கள் இதை டோரியன் என்பார்கள். முதல் பகுதி மேலே நின்று கூவி அழைத்தால், இரண்டாம் பகுதி தலை குனிந்து அடிக்குரலில் பேசுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஸ்வர வரிசை ஒன்றாக இருப்பதால் இது கரகரப்ரியா ஆகிவிடாது. கமகம் (ஸ்வரத்தை அசைத்து ஒலிப்பது) இல்லை, ராகத்தின் நடை இல்லை, சஞ்சாரம் இல்லை. நம் காதுக்கு ஒரு கைப்பிடி கொடுப்பதற்காகத்தான் மேளத்தின் பெயரைச் சொல்கிறேன். ஆனாலும் அந்தக் கைப்பிடி பயனுள்ளது. கரகரப்ரியாவைக் கேட்டு நாம் யாரும் ‘ஐயோ, சோகம்’ என்று முடிவு கட்டுவதில்லை. அதில் கம்பீரம் இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது, துள்ளலும் இருக்கிறது. சாதாரண காந்தாரம் என்றாலே துக்கம் என்று பழக்கப்படாத காது நமக்கு இருக்கிறது. ‘கிச்சன் கேர்ள்’ போன்ற மெட்டை அணுக அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

சரி, இதற்கு ஆடுவது எப்படி? இந்த மெட்டு அதிகம் வாசிக்கப்படும் இடங்களில் ஒன்று காண்ட்ரா நடனம். ஜோடிகள் எதிரெதிராக இரண்டு நீண்ட வரிசைகளில் நிற்பார்கள். மேடையில் ஒருவர் நின்று அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்: கைகோத்து முன்னும் பின்னும் அசைவது, ஜோடியாகச் சுழல்வது, நான்கு பேர் ஒருவரையொருவர் பின்னிப் பின்னி நடப்பது. ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஓரிடம் நகர்ந்து வேறொரு ஜோடியோடு அதே அசைவுகளைத் திரும்பச் செய்யும். இப்படியே நகர்ந்து நகர்ந்து வரிசையில் உள்ள பெரும்பாலானோரோடு ஆடிவிடலாம். முன்பின் தெரியாதவர்கள் ஒரே இரவில் ஒருவருக்கொருவர் பழகிப்போகும் நடனம் இது.

இதற்கான இசையின் அளவு கறாரானது. மெட்டின் முதல் பகுதி இரண்டு தடவை, இரண்டாம் பகுதி இரண்டு தடவை. மொத்தம் 64 அடி. அசைவுகளும் அதே 64 அடிக்குள் அடங்கும். நிமிடத்துக்கு 116 அடி என்ற வேகத்தில் வாசித்தால் ஒரு சுற்று சுமார் 33 வினாடி. ஒரு நடனம் எட்டு, பத்து நிமிடம் ஓடும். ஆகவே அசைவுகள் ஏறத்தாழ பதினைந்து முதல் பதினெட்டு தடவை திரும்ப வரும்.

இப்போது ‘கிச்சன் கேர்ள்’ மெட்டை இந்தக் கணக்குக்குள் வைத்துப் பாருங்கள். முதல் 32 அடிக்கு அந்தர காந்தாரம், அடுத்த 32 அடிக்குச் சாதாரண காந்தாரம். ஏறத்தாழ 16 வினாடிக்கு ஒருமுறை நிறம் மாறுகிறது. ஆடுபவர்கள் காந்தாரத்தைப் பற்றி யோசிப்பதில்லை, யோசிக்க நேரமும் இல்லை. ஆனால் உடம்புக்குத் தெரியும். மேல் ஸ்தாயியில் வெளிச்சமாக ஒலிக்கும்போது அசைவுகள் பெரிதாக, கைகள் விரிந்து வருகின்றன. மெட்டு கீழே இறங்கிக் காந்தாரம் தாழும்போது அதே வேகத்தில் பாதம் தரையை அழுத்துகிறது, சுழற்சி இறுகுகிறது. பின்னி நடக்கும் அசைவும் ஜோடியாகச் சுழலும் அசைவும் இரண்டாம் பகுதியில் அமைந்துவிட்டால் அந்த நடனம் அபாரமாக இருக்கும்.

இதற்குக் காரணம் என்ன? என் விளக்கம் இது. மேஜர் மெட்டு ஒவ்வொரு 16 அடி முடிவிலும் ‘வந்து சேர்ந்துவிட்டோம்’ என்று சொல்கிறது. காகலி நிஷாதம் சட்ஜத்தை நோக்கித் தள்ளும், சட்ஜம் வந்ததும் ஒரு நிறைவு கிடைக்கும். டோரியன் மெட்டில் அந்தத் தள்ளல் இல்லை. கைசிகி நிஷாதம் சட்ஜத்திலிருந்து ஒரு முழு ஸ்வரம் விலகி நிற்கிறது. சட்ஜத்துக்குப் போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம். பக்கத்தில் கிதார் வாசிப்பவர் போடுவதும் அநேகமாக இரண்டே இரண்டு கார்டுகள்தான் (கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு): ஏ மைனர் ஒன்று, ஜி மேஜர் ஒன்று. சட்ஜத்தில் நிற்பது, ஒரு படி கீழே போவது, திரும்புவது. ஸ்காட்லாந்தின் பழைய பேக்பைப் (காற்றுப்பை வாத்தியம்) இசையிலும் ஃபிடில் மெட்டுகளிலும் இந்த இரட்டைப் படி நிறைய உண்டு. இப்படி முடிவுக்கு வராத இசை, ஆடுபவரை முடிவுக்கு வர விடுவதில்லை. அடுத்த சுற்றுக்குள் இழுத்துப் போய்விடுகிறது. அந்த இழுப்பைத்தான் நாம் உட்கார்ந்து கேட்கும்போது ‘கனம்’ என்றும் ‘ஏக்கம்’ என்றும் உணர்கிறோம்.

இந்தச் சாயல் ஆட்ட இசைக்கு ஒன்றும் புதிதல்ல. 1651இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் வெளியிட்ட நடனத் தொகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட நடனங்கள், அவற்றுக்கான மெட்டுகளோடு இருக்கின்றன. அவற்றில் மைனர், டோரியன் மெட்டுகள் ஏராளம். ஆங்கிலக் கிராமிய நடனம் என்று அறியப்பட்ட அந்த மரபு பிரான்சுக்குப் போய், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிக்கும் வந்து காண்ட்ரா நடனமாக நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டில் அது தேய்ந்தபோது நியூ ஹாம்ப்ஷயரில் ரால்ஃப் பேஜ், அவருக்குப் பின் டட்லி லாஃப்மன் போன்றவர்கள் உயிர்கொடுத்தார்கள். 1960களுக்குப் பிறகு இளைஞர்கள் திரளாக வந்து சேர்ந்தார்கள்.

கிளென் லின்னோ நியூ இங்கிலாந்திலிருந்து வெகு தெற்கே, அப்பலாச்சிய மலைகளில் இருக்கிறது. அங்கே 18ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்களில் ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து வழி வந்தவர்கள் அதிகம். அவர்கள் கொண்டுவந்தது ஃபிடில். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடமிருந்து வந்தது பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம். ஆனால் கறுப்பின மக்களின் பங்கு பேஞ்சோவோடு நின்றுவிடவில்லை. தோட்ட முதலாளிகளின் வீட்டு நடனங்களில் ஃபிடில் வாசித்தவர்களில் பலர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினக் கலைஞர்களே. அப்பலாச்சிய ஃபிடிலில் வில் போடும் முறை அயர்லாந்து முறையிலிருந்து தெளிவாக வேறுபடும். அழுத்தம் நேரான அடியில் விழாமல் முன்னும் பின்னும் தள்ளி விழும். இந்தத் தாளத் துள்ளல் கறுப்பினக் கலைஞர்கள் வழி வந்தது என்பதை ஜபூர் அழுத்தமாகச் சொல்லிவந்தார். ‘கிச்சன் கேர்ள்’ மெட்டின் ஸ்வரங்களை மட்டும் எழுதிக் காட்டினால் பாதி மெட்டுதான் கிடைக்கும். மீதிப் பாதி வில்லில் இருக்கிறது. அது இல்லாமல் வாசித்தால் காந்தாரம் மாறுவதும் வெறும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஃபிடிலுக்குச் சுருதி சேர்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மேற்கத்திய வயலினின் வழக்கமான சுருதி ஜி, டி, ஏ, இ. அப்பலாச்சிய ஃபிடில் கலைஞர்கள் ‘ஏ’ சுருதி மெட்டுகளுக்குக் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஏற்றி ஏ, இ, ஏ, இ என்று வைத்துக்கொள்வது உண்டு. ‘ஏ’ சட்ஜம் என்றால் இது என்ன? ச, ப, ச, ப. கர்நாடக இசையில் வயலினுக்கு நாம் சுருதி சேர்ப்பது அப்படியேதான். யாரும் யாரிடமிருந்தும் கற்றுக்கொண்டதில்லை. தேவை ஒன்று, அதனால் தீர்வும் ஒன்று. இரண்டு இடத்திலும் ஆதார சுருதி கூடவே ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தந்தியில் மெட்டு ஓடும்போது பக்கத்துத் தந்தியில் சட்ஜமோ பஞ்சமமோ ரீங்காரமிடும். அந்த மாறாத ரீங்காரத்தின் மேல் காந்தாரம் மட்டும் ஏறி இறங்குவதால்தான் மாற்றம் இவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது.

காந்தாரம் இறங்குகிறது என்று இதுவரை இரண்டு நிலை மட்டும் இருப்பதுபோல் சொல்லிவந்தேன். பழைய தலைமுறை அப்பலாச்சியக் கலைஞர்களிடம் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. பலருடைய விரல் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ விழும். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. இது தவறான விரல் அல்ல, காதின் தேர்வு. சுவீடனின் ஓர்சா பகுதியில் வாழ்ந்த ஃபிடில் கலைஞர் யோசா ஆண்டர்ஸ் (1878–1963) வாசித்த பொல்ஸ்கா என்ற சுவீடன் நாட்டு நடன மெட்டுகளிலும் இதே இடைப்பட்ட ஸ்வரங்கள் உண்டு. அவையும் ஆட்ட மெட்டுகள்தான், அவற்றிலும் மைனர் சாயல் நிறைந்திருக்கும். ஒரே காந்தாரம் ராகத்துக்கு ராகம் வேறு இடத்தில் அசைவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் பியானோவுக்கும் ஹார்மோனியத்துக்கும் பழகிய காது இதை அபஸ்வரம் என்று ஒதுக்கியிருக்கிறது.

பியானோவும் கிதாரும் நாட்டுப்புற இசைக்குள் வந்தபோது இழப்பு ஏற்பட்டது என்றே நினைக்கிறேன். தபாலில் வாங்கும் மலிவான கிதார்கள் 1900ஐ ஒட்டிய காலத்தில் அந்த மலைப்பகுதிகளுக்கு வந்து சேர்ந்தன. கார்டு போடும் வாத்தியம் பக்கத்தில் உட்கார்ந்தால் காந்தாரம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். பேஞ்சோ அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. மைனர் சாயல் மெட்டுகளுக்கு அதில் வைக்கும் ஒரு சுருதியில் தந்திகள் ஜி, டி, ஜி, சி, டி என்று நிற்கும். ஜி சட்ஜம் என்றால் சட்ஜமும் மத்யமமும் பஞ்சமமும் மட்டும் இருக்கின்றன. திறந்த தந்திகளில் காந்தாரமே இல்லை. ஃபிடில் தன் விருப்பப்படி எந்தக் காந்தாரத்தையும் தொடலாம். இந்த இரண்டு வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் பழைய பதிவுகளில் கிடைக்கும் சுதந்திரம், ஐந்தாறு பேர் சேர்ந்த இன்றைய நடனக் குழுக்களில் கிடைப்பது அரிது.

அதற்காக இன்றைய குழுக்களைக் குறை சொல்லிவிட முடியாது. அவர்கள் மைனரை வேறொரு விதத்தில் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். பத்து நிமிடம் ஒரே மெட்டை வாசித்தால் அலுக்கும் என்பதால் இரண்டு மூன்று மெட்டுகளை அடுத்தடுத்துக் கோத்து வாசிப்பார்கள். மைனர் மெட்டில் தொடங்கி, ஐந்தாறு சுற்று இறுக்கத்தை ஏற்றி, ஒரு சுற்றின் முதல் அடியில் சட்டென்று மேஜர் மெட்டுக்குத் தாவுவார்கள். அரங்கமே கூவும். ஆடுபவர்களின் அசைவு எதுவும் மாறவில்லை, வேகம் மாறவில்லை. ஆனால் கூரை திறந்துகொண்ட மாதிரி இருக்கும். சில குழுக்கள் இதைத் தலைகீழாகவும் செய்கின்றன. வெளிச்சத்திலிருந்து மைனருக்கு இறங்குவது. கத்தல் இருக்காது, ஆனால் ஆட்டத்தின் தீவிரம் கூடும். இந்தத் தேவைக்கென்றே புதிய மைனர் மெட்டுகள் எழுதப்படுகின்றன. வெர்மான்ட் மாநிலத்தின் ஃபிடில் கலைஞர் ஏமி கான் எழுதிய ‘கதார்சிஸ்’ அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. இரண்டு மெட்டைக் கோத்துச் செய்யும் இந்த வேலையை ‘கிச்சன் கேர்ள்’ ஒரே மெட்டுக்குள் செய்துவிடுகிறது என்பதுதான் அதன் தனிச்சிறப்பு.

கிளென் லின்னிலிருந்து இந்த மெட்டு வெளியே வந்த வழியும் சுருக்கமானது. ஜபூரும் நண்பர்களும் வட கரோலினாவில் ஹாலோ ராக் ஸ்டிரிங் பேண்ட் என்ற குழுவை வைத்திருந்தார்கள். ரீட்டிடம் கற்ற மெட்டுகளை நண்பர்கள் கூடும் இடங்களில் வாசித்தார்கள். 1968இல் ஒரு இசைத்தட்டும் வந்தது. அதைக் கேட்டுக் கற்றவர்கள் இன்னும் பலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஜபூர் பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் நாட்டுப்புறப் பாடல் காப்பகத்தின் பொறுப்பை ஏற்று, 1976இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் மையத்தின் முதல் இயக்குநராகவும் ஆனார். ஒரு முதியவரின் விரல் நினைவில் இருந்த மெட்டு நாடு முழுக்கப் பரவ, சரியான ஒரு மாணவர் சரியான நேரத்தில் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இரண்டு வருடம் தாமதித்திருந்தால் ரீட்டின் கையில் அது எப்படி ஒலித்தது என்பதை இன்று நாம் கேட்டிருக்கவே முடியாது.

தமிழ்நாட்டுக்கு ஃபிடில் வந்த கதையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். சென்னைக்கு அருகே மணலியில் தீட்சிதர் குடும்பம் வாழ்ந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியர்களின் பேண்டு இசையைக் கேட்டார்கள். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். முத்துசாமி தீட்சிதர் அந்த பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’ அவற்றில் ஒன்று. இவை சங்கராபரணத்தில் அமைந்தவை. நம் குழந்தைகள் இன்றும் பாடக் கற்கிறார்கள். அந்த பேண்டு வழியே நமக்கு வந்தது மேஜர் முகம் மட்டும். அதே காலத்தில் அதே வாத்தியம் கடலுக்கு அப்பால் மலைக்கிராமங்களில் ஹரிகாம்போதிக்கும் கரகரப்ரியாவுக்கும் நெருக்கமான வரிசைகளில் ஆட்டத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தது. தீட்சிதர் காதில் அப்படி ஒரு மெட்டு விழுந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆசைதான்.

ரீட்டின் பதிவுகளை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கேட்பதானால் ஒரு யோசனை. சுருதிப்பெட்டியை 6 கட்டையில் வைத்து மெல்ல ஓடவிடுங்கள். பதிவின் சுருதி சற்று ஏறியோ இறங்கியோ இருந்தால் பெட்டியை அதற்கேற்பத் திருகிக்கொள்ளுங்கள். முதல் பகுதியின் நீண்ட சட்ஜத்தையும் அடுத்து வரும் நீண்ட நிஷாதத்தையும் அடையாளம் கண்ட பிறகு, இரண்டாம் பகுதிக்காகக் காத்திருந்து அங்கே காந்தாரத்தை மட்டும் கவனியுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு காண்ட்ரா நடனக் குழு இதே மெட்டை வாசிக்கும் பதிவைப் போட்டு, பெட்டியை நிறுத்திவிட்டு, எழுந்து நின்று கேளுங்கள்.